ஒரு கணிப்பொறியும் பல கணக்குகளும்

தமிழில் 'கணக்கு' என்னும் சொல் எண்ணுக்கு மட்டும் உரியதன்று, எழுத்துக்கும் உரியது. எழுத்து வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். பழந்தமிழ் நூல்களின் தொகுதிகள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என வழங்கின. கற்பித்த ஆசிரியர் கணக்காயர் எனப்பட்டார். வரவு செலவு எழுதியவர் கணக்கர் எனப்பட்டார். இத்தனை பொருள் தாங்கிய அச்சொல்லுக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் மேலும் ஒரு பொருள் வந்து சேர்ந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டுவதற்கு ஒருவர் பெற்ற உரிமையும் 'கணக்கு' எனப்பட்டது. பயனர் பெயர் ஒன்று, கடவுச்சொல் ஒன்று, இத்தனை மணி நேரம் என்னும் வரம்பு ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்கணக்கு.

இப்புதிய கணக்கில் இரண்டு கருத்துகள் ஒன்றாகக் கலந்திருந்தன. பயன்படுத்தும் நேரத்தை அளந்து எழுதும் ஏடு அது என்பது ஒன்று. ஒருவரின் மடல்களும் எழுத்துகளும் பிறர் கண்படாமல் இருக்கும் தனியறை அது என்பது மற்றொன்று. முன்னது அம்முறையை அமைத்தவர்கள் கருதியது; பின்னது அதனைப் பயன்படுத்தியவர்கள் நம்பியது. அமைத்தவர் கருத்துக்கும் பயன்படுத்தியவர் நம்பிக்கைக்கும் இடையே இருந்த தொலைவு, ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில்தான் வெளிப்பட்டது. மடலும் கவிதையும் நாட்குறிப்பும் எழுதுவோர்க்கு அவ்வரலாறு அயலானதன்று.

கணக்கு பிறந்த இடம்

1961 நவம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் ஒரு புதிய முறையைச் செய்துகாட்டினர். அதற்கு முன்னர் ஒரு கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒருவரின் வேலையையே செய்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். புதிய முறையிலோ பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்து ஒரே கணிப்பொறியோடு ஒரே சமயத்தில் உரையாடினர். கணிப்பொறி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொருவர்க்கும் மாறிமாறி அளித்தது. நேரப்பகிர்வு எனப்பட்ட இம்முறைக்கு சி.டி.எஸ்.எஸ். என்பது பெயர்.

பங்கு என்று வந்தால் அளவு வேண்டும். அளவு என்று வந்தால் யார் என்று அறிய வேண்டும். ஆகவே ஒவ்வொருவர்க்கும் தனிக் கோப்புகளும் அவற்றைத் திறக்கத் தனிக் கடவுச்சொல்லும் வழங்கப்பட்டன. கணிப்பொறிக் கடவுச்சொல்லின் தொடக்கம் இங்கேதான் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்வமைப்பு தோன்றிய மறு ஆண்டிலேயே மீறவும்பட்டது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர்க்கு வாரத்துக்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு கணிப்பொறிக்கு அட்டை வழியே வேண்டுகோள் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் அச்சுத் தாள்கள் வைக்கும் இடத்திலிருந்து அப்பட்டியலை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இதனை அவர் வெளியிட்டார்.

1966இல் நேர்ந்தது இதனினும் வியப்பானது. அன்றாட அறிவிப்பு அடங்கிய கோப்பும் கடவுச்சொற் கோப்பும் ஒரு நிரற்பிழையால் இடம் மாறிவிட்டன. கணிப்பொறியில் நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் வரவேற்புச் செய்திக்கு மாறாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாய் வந்து நின்றன. கோர்பட்டோ தமது டூரிங் விருதுச் சொற்பொழிவில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

முதல் கடவுச்சொல் திருட்டு எதற்காக நடந்தது என்பது கருதத்தக்கது. பிறர் மடலைப் படிப்பதற்காக அன்று, நேரத்துக்காக நடந்தது. நேரத்தைக் காக்க இட்ட பூட்டு நேரத்தின் பொருட்டே உடைக்கப்பட்டது. உள்ளே இருந்த எழுத்துகள் திறந்து கிடந்தமை அதன் பக்கவிளைவு.

தனியொருவர்க்கென வந்த கருவி

பெரிய கணிப்பொறிகளின் உலகம் இவ்வாறு கணக்கையும் கடவுச்சொல்லையும் கற்றுக்கொண்டிருக்க, 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தது. அதனை இயக்கிய டாஸ் என்னும் அமைப்புக்கு 'யார்' என்னும் கேள்வியே தெரியாது. விசையைத் தட்டியவர் எவரோ அவரே உரிமையாளர். ஒருவர்க்கு ஒன்று என்னும் கருத்தில் பிறந்த கருவியாதலால் அதற்குள் உட்சுவர்கள் எழுப்பப்படவில்லை. அதே ஆண்டில் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வந்தது. நொடிக்கு 300 பிட் என்னும் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் வீதம், அது தொலைபேசி வழியே செய்தி அனுப்பியது. 1998இல் நொடிக்கு 56 ஆயிரம் பிட் என்னும் அளவு தரப்படுத்தப்பட்டபோது தொலைபேசிவழி இணைப்பு தன் எல்லையைத் தொட்டது.

தனியொருவர்க்கென வந்த கருவி நடைமுறையில் குடும்பத்துக்கு ஒன்றாகவே அமைந்தது. பல வீடுகளில் கணிப்பொறி கூடத்தில் இருந்தது. தந்தை, தாய், மக்கள் அனைவரும் அதனைப் பகிர்ந்துகொண்டனர். இச்சூழலை நன்கு உணர்ந்து வணிகம் செய்த நிறுவனம் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். ஒரே கட்டணக் கணக்கின்கீழ் ஐந்து 'திரைப்பெயர்கள்' வைத்துக்கொள்ள அது இடந்தந்தது. கட்டணம் ஒருவர் பேரில், பெயர்கள் ஐவர்க்கு. அப்பெயர்கள் உண்மைப் பெயர்களாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தாளர்களின் புனைபெயர் போன்றதொரு வசதி, எழுதாத இலட்சக்கணக்கான மக்களுக்கும் இவ்வாறு கிட்டிற்று.

புனைபெயரின் திரை எத்துணை மெல்லியது என்பதை 1997இல் நிகழ்ந்த ஒரு வழக்கு காட்டிற்று. அமெரிக்கக் கடற்படையில் 17 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், தம் திரைப்பெயருக்கான குறிப்பில் தம்மை ஒருபாலீர்ப்பினர் எனக் குறித்திருந்தார். தம் முழுப்பெயரை அதில் எழுதவில்லை. கடற்படை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏ.ஓ.எல். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, அத்திரைப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டார். நீதிமன்ற ஆணை ஏதுமின்றியே விடை கிடைத்தது. அதனைக் கொண்டு அவரைப் பணியிலிருந்து நீக்கக் கடற்படை முற்பட்டது. 1998 ஜனவரியில் நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்க்கின் அந்நீக்கத்துக்குத் தடை விதித்தார். ஒரு மனிதனின் பிழைப்பும் மானமும், கட்டணப் பட்டியலில் இருந்த ஒரு வரியைச் சார்ந்து நின்றன. திரைப்பெயர்கள் எத்தனையாயினும் பணம் செலுத்துபவரின் பெயர் ஒன்றே. கணக்கின் வேர் அங்கே இருந்தது.

இந்தியாவில் தொலைபேசிவழிக் கணக்கு

இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கிற்று. அதில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கான இணைய இணைப்பை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. தொடக்கத்தில் இரு வகைக் கணக்குகள் இருந்தன. மாணவர்க்குரிய ஷெல் கணக்கு 500 ரூபாய்க்குக் கிடைத்தது, அதில் எழுத்து மட்டுமே திரையில் தோன்றும், படம் வராது. படங்களோடு இணையத்தைக் காட்டும் டி.சி.பி.ஐ.பி. கணக்குக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இவையன்றித் தொலைபேசிக் கட்டணம் தனி.

இவ்விரு கணக்குகளையும் அந்தரங்கம் என்னும் நோக்கில் ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படும். ஷெல் கணக்கு உடையவரின் மடல்கள் அவர் வீட்டுக் கணிப்பொறிக்கு வருவதில்லை. அவை தொலைவிலிருந்த யூனிக்ஸ் கணிப்பொறியிலேயே தங்கின. யூனிக்ஸ் பலர் பகிர்ந்துகொள்வதற்கென்றே அமைந்தது; ஒருவர் கோப்பை மற்றொருவர் படிக்கலாமா என்பதற்கு அதில் விதி உண்டு. வீட்டில் இருந்தது வெறும் சன்னல். தொடர்பைத் துண்டித்ததும் சன்னல் மூடிவிடும். நிறுவனத்தின் பொறுப்பாளர் நினைத்தால் படிக்கக்கூடும் என்னும் குறை இருந்தது. ஆனால் வீட்டிலுள்ள பிறர் படிக்க இயலாது. விலையுயர்ந்த கணக்கோ மடல்களை வீட்டுக் கணிப்பொறியின் வட்டில் இறக்கி வைத்தது. அந்த வட்டிலோ கதவும் தாழும் இல்லை. மலிந்த கணக்கில் இருந்த காப்பு, விலை மிகுந்த கணக்கில் இல்லாமற் போயிற்று.

1998 நவம்பரில் புதிய கொள்கை நடைமுறைக்கு வந்தது. அரசு நிறுவனத்தின் தனியுரிமை முடிவுற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலிய தனியார் நிறுவனங்கள் களம் இறங்கின. இத்தனை மணி நேரம் என்று முன்பணம் கட்டும் பொதிகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணக்குகள் இருக்கும் நிலை இதனால் உண்டாயிற்று. அதற்குக் காரணங்களும் இருந்தன. ஒரு நிறுவனத்தின் எண் ஓயாமல் வேலையாக இருக்கும்போது மற்றொன்றை அழைக்கலாம். ஒன்றில் மணிநேரம் தீர்ந்தால் மற்றொன்று கைகொடுக்கும். அலுவலகம் தந்த கணக்கு ஒன்று, சொந்தக் கணக்கு ஒன்று, கல்லூரியில் பயிலும் பிள்ளையின் மாணவர் கணக்கு ஒன்று எனவும் சேரும். தொலைபேசியோ ஒன்றே. ஒருவர் இணைப்பில் இருக்கையில் மற்றோர் அறையில் எவரேனும் ஒலிவாங்கியை எடுத்தால் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே யார் எப்போது அழைப்பது என்பது குடும்பத்தில் பேசி முடிவு செய்ய வேண்டிய செய்தியாயிற்று.

விண்டோஸ் அளித்த பூட்டு

இப்பல கணக்குகளையும் ஒரே கணிப்பொறியில் ஆண்டது 1995 ஆகஸ்டு 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95. அதில் தொலைபேசிவழி இணைப்புகளுக்கென ஒரு தனிப்பெட்டி உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சிறு படம். அதனுள் அழைக்க வேண்டிய எண், பயனர் பெயர், கடவுச்சொல். எத்தனை இணைப்பு வேண்டினும் அமைத்துக்கொள்ளலாம். ஆயினும் சிக்கல்கள் இருந்தன. இணைய முகவரிகளை எண்ணாக மாற்றித் தரும் வழங்கிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரு நிறுவனத்தின் வழங்கி எண்களைப் பொது அமைப்பில் எழுதிவிட்டால், பிற இணைப்புகளில் தனித்தனியே எழுதியவை செல்லாமற் போயின. ஆகவே பொது அமைப்பை வெறுமையாக விட்டு, ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் அதற்குரியதை எழுதுவதே முறை என்பதைப் பலரும் பட்டறிந்தனர். ஒரு நிறுவனத்தின் வழியே நுழைந்து மற்றொரு நிறுவனத்தின் அஞ்சல் வழங்கி மூலம் மடல் அனுப்ப முயன்றால் அது மறுக்கப்படுவதும் உண்டு. எனவே எந்த அஞ்சற்பெட்டி எந்த இணைப்போடு சேரும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

காப்பைப் பொறுத்தவரை நிலை இதனினும் தளர்ந்தது. விண்டோஸ் 95 தொடங்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி ஒன்று தோன்றும். அதனைக் கண்டோர் அது வாயிற்கதவு என்று எண்ணினர். ஆனால் 'ரத்து' என்னும் பொத்தானை அழுத்தினாலே போதும், கணிப்பொறி திறந்துவிடும். புதிய பெயர் ஒன்றை எழுதினால் புதியவர் வந்திருக்கிறார் என்று அது வரவேற்கும். அப்பெட்டி ஆளை நிறுத்துவதற்காக வைக்கப்பட்டதன்று. யாருடைய விருப்ப அமைப்புகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் எடுத்துவருவது என்று அறிவதற்காகவே வைக்கப்பட்டது. அதனை ரத்துச் செய்து நுழைந்தவர்க்குத் தொலைபேசி இணைப்பில் 'கடவுச்சொல்லைச் சேமி' என்னும் கட்டம் மங்கிக் கிடக்கும், அவ்வளவே தடை. வட்டிலிருந்த மடல்களும் ஆவணங்களும் எவர்க்கும் திறந்தே இருந்தன.

சேமித்த கடவுச்சொற்கள் பயனர்க்கு ஒன்றாகத் தனிக் கோப்புகளில் மறைகுறியாக்கி வைக்கப்பட்டன. அம்மறைப்பு வலுவற்றது என்பது 1995 டிசம்பரிலேயே வெளியாயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. ஆனால் திருத்தங்களைத் தொலைபேசி வழியே இறக்கிப் பொருத்தியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? கடவுச்சொல்லுக்கு மாறாக நட்சத்திரக் குறிகளைக் காட்டும் கட்டங்களில், அக்குறிகளை விலக்கி உள்ளிருந்த சொல்லைக் காட்டும் சிறு நிரல்களும் கைமாறித் திரிந்தன.

மடல்களைப் பிரித்து வைக்கும் முயற்சிகள் மென்பொருள்களில் நடந்தன. 1997இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர், பலர்க்கும் தனித்தனி விவரத்தொகுப்பு வைத்துக்கொள்ள இடந்தந்தது. 1999இல் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸின் ஐந்தாம் பதிப்பு 'அடையாளங்கள்' என்னும் ஏற்பாட்டைத் தந்தது. ஒவ்வோர் அடையாளத்துக்கும் கடவுச்சொல் இடலாம். ஆனால் இவையும் மென்பொருளின் முகப்பில் மட்டுமே பிரித்தன. மடற்கோப்புகள் வட்டில் ஓரிடத்தில் இருந்தன. அவ்விடம் அறிந்தவர் வேறு வழியாகச் சென்று திறக்கலாம்.

வீட்டுக் கணிப்பொறியிலும் அலுவலகக் கணிப்பொறியிலும் மடலுக்குத் தனிமை இல்லை என்னும் உணர்விலிருந்து பிறந்ததே ஹாட்மெயில். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். தாங்கள் தொடங்கவிருந்த தொழில் பற்றிய மடல்களை மேலாளர்கள் படித்துவிடுவரோ என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. உலாவி வழியே எக்கணிப்பொறியிலிருந்தும் எட்டக்கூடிய அஞ்சற்பெட்டி என்னும் எண்ணம் அவ்வச்சத்தின் விளைவு. 1996 ஜூலை 4 அன்று அது பயனுக்கு வந்தது. 1997 இறுதியில் மைக்ரோசாப்ட் அதனை வாங்கிற்று. இதன்பின் தொலைபேசிக் கணக்கு யாருடையதாயினும் அஞ்சற்பெட்டி தனக்கே உரியதாக இருக்க முடிந்தது. ஒரே கணக்கில் நுழைந்த அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பெட்டிகளைத் திறந்தனர். ஆனால் 1999 ஆகஸ்டு இறுதியில், 'ஈ', 'எச்' என்னும் இரண்டே ஆங்கில எழுத்துகளைக் கடவுச்சொல்லாகக் கொடுத்து எவருடைய ஹாட்மெயில் பெட்டியையும் திறக்கலாம் என்பது வெளிப்பட்டு உலகமே திகைத்தது. பூட்டு வீட்டைவிட்டு வெளியேறித் தொலைவுக்குப் போயிற்று. தொலைவிலும் அது பழுதற்றதாக இல்லை.

அழித்தும் அழியாதவை

எழுதுவோர் தாம் எழுதியதை அழிக்கவும் உரிமை உடையவர். கையெழுத்துப் படியைக் கிழித்தெறிந்தால் அது தீர்ந்தது. பழைய கணிப்பொறியில் அழித்தல் வேறு வகைப்பட்டது. டாஸ், விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவை பயன்படுத்திய ஃபேட் என்னும் கோப்பு முறையில், ஒரு கோப்பை அழித்தால் அட்டவணையில் அதன் பெயரின் முதலெழுத்து மட்டுமே மாற்றப்படும். அது இருந்த இடம் காலியிடம் எனக் குறிக்கப்படும். எழுதிய செய்தி அப்படியே கிடக்கும். வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்பட்டால்தான் அது மறையும். 1991இல் வந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில், அழித்ததை மீட்கும் கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. மீட்கும்போது அது பயனரைக் கேட்பது ஒன்றே: கோப்புப் பெயரின் முதலெழுத்து யாது என்பது. அதனைச் சொன்னால் எஞ்சியது எழுந்து வரும்.

வேர்டு மென்பொருளிலோ மற்றொரு நுட்பம் இருந்தது. 'விரைந்து சேமித்தல்' என்னும் ஏற்பாட்டில், திருத்தங்கள் கோப்பின் இறுதியில் சேர்க்கப்பட்டன. நீக்கிய வரிகள் கோப்புக்குள்ளேயே தங்கின. வேர்டில் திறந்தால் அவை தெரியா. எளிய எழுத்துத் திருத்தியில் திறந்தால் தெரியும். ஒரு கவிஞர் வெட்டி நீக்கிய வரியும், கடிதத்தில் எழுதிப் பின் வேண்டாமென விட்ட கடுஞ்சொல்லும், கோப்பைப் பெற்றவர் கைக்குச் சேர இவ்வாறு வழி இருந்தது.

உலாவியும் தன் பங்குக்கு எழுதிக்கொண்டிருந்தது. பார்த்த பக்கங்களின் படிகள், முகவரிகளின் வரலாறு, 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மோன்டுல்லி வகுத்த 'குக்கி' என்னும் சிறு குறிப்புகள் எனப் பலவும் வட்டில் சேர்ந்தன. எக்ஸ்புளோரர் உலாவியில் வரலாற்றை நீக்கும் பொத்தான் இருந்தது. அதனை அழுத்திய பின்னும், மறைவாக இருந்த அட்டவணைக் கோப்புகளில் முகவரிகள் சில எஞ்சின. அடுத்து அமர்பவர் முகவரிக் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் முன்னவர் சென்ற இடங்கள் தாமே விரியும்.

திருடப்பட்டது எது

கடவுச்சொல்லை அயலார் அறிதல் இந்தியாவில் காவல் நிலையம் வரை சென்றது. 2000இல் டெல்லிக் காவல்துறை ஒரு வழக்கைப் பதிவு செய்தது. இணைப்பை அமைத்துத் தருவதற்காக வீட்டுக்கு வந்த ஒருவர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அறிந்துகொண்டு, அக்கணக்கின் மணிநேரங்களைப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் எழுந்த வழக்காதலால் தண்டனைச் சட்டத்தின் திருட்டுப் பிரிவே துணைக்கு வந்தது. சட்டத்தின் கண்ணுக்குப் பட்டது களவுபோன நேரம். அக்கடவுச்சொல் பெரும்பாலும் அஞ்சற்பெட்டிக்கும் திறவுகோலாக இருந்த காலம் அது; ஆயினும் மடல்கள் படிக்கப்பட்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று திருட்டுப் பிரிவு கூறாது. மாசசூசெட்ஸில் 1962இல் நிகழ்ந்ததன் மறுவடிவமாகவே இவ்வழக்கு அமைந்தது.

அந்தரங்கம் பற்றிய சட்டச் சிந்தனை வேறொரு தடத்தில் வளர்ந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு குறித்து 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வீட்டிலோ அலுவலகத்திலோ தனிமையில் தொலைபேசியில் உரையாடும் உரிமை அந்தரங்க உரிமையில் அடங்கும் என்றது. அதே தொலைபேசிக் கம்பி வழியே மடல் சென்றால்? 1998ஆம் ஆண்டின் இணைய உரிம விதிகள், அனுமதி பெறாமல் 40 பிட்டுக்கு மேற்பட்ட மறைகுறியாக்கத்தைப் பயன்படுத்தலாகாது என்றன. பேச்சுக்குக் காப்பு வேண்டும் என்று ஒரு கை எழுத, எழுத்தின் காப்புக்கு எல்லை உண்டு என்று மற்றொரு கை எழுதிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்தது 2017 ஆகஸ்டு 24 அன்று.

நான்கரை அடிச் சுவர்

வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்க்கு பிரௌசிங் சென்டர்களே புகலிடமாயின. அங்கே ஒரு கணக்கின்கீழ், ஒரு நாளில், பத்துப் பதினைந்து பேர் ஒரே இருக்கையில் அமர்ந்து எழுந்தனர். வெளியேறாமல் விட்ட அஞ்சற்பெட்டி அடுத்தவர்க்குத் திறந்து கிடந்தது. தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும் நிரல்களை எவரேனும் நிறுவியிருந்தால் அமர்ந்தவர் அறிய வழியில்லை.

தமிழில் எழுதியவர்க்கு அக்காலத்தில் எதிர்பாராத ஒரு திரை வாய்த்தது. மயிலை, முரசு அஞ்சல் எனப் பல எழுத்துருக்கள் வழங்கிய நாட்கள் அவை. ஒவ்வொன்றின் குறியேற்றமும் வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் தரங்களை ஏற்றது. யூனிகோடு முறை பரவும்வரை, உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் மடல் வெறும் ஆங்கிலக் குறிகளின் குவியலாகவே தோன்றிற்று. அம்மாவுக்கு எழுதிய மடலும் காதலிக்கு எழுதிய மடலும் அயலார் கண்ணுக்கு ஒன்றுபோல் பொருளற்றுக் கிடந்தன. குறையென்று அனைவரும் நொந்துகொண்ட ஒன்று, எவரும் திட்டமிடாத மறைகுறியாகவும் இருந்தது. எழுத்துருவை நிறுவியவர்க்கோ அத்திரை ஒரு நொடியில் விலகிவிடும்.

2011இல் நடுவணரசு இந்நிலையங்களுக்கு விதிகள் வகுத்தது. வருவோரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும். பயன்பாட்டுக் குறிப்புகளை ஓராண்டேனும் காக்க வேண்டும். அறைகளைப் பிரிக்கும் தடுப்பு தரையிலிருந்து நான்கரை அடிக்கு மேல் உயரலாகாது. அந்தரங்கத்தின் உயரம் அடிக்கணக்கில் அளந்து எழுதப்பட்டது. அமர்ந்தவரை மறைக்கும், நின்றவர்க்குக் காட்டும் என்பது அவ்வளவின் பொருள்.

எஞ்சிய பெட்டிகள்

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பலர் பகிரும் கணிப்பொறிக்குரிய உட்சுவர்களை முதன்முதலாக இல்லங்களுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அதனை நிறுவும்போது உண்டாக்கிய கணக்குகள் யாவும் முழு அதிகாரத்துடனும் கடவுச்சொல் இன்றியும் பிறந்தன. சுவர் வந்தது, கதவைச் சாத்துவது இல்லத்தார் விருப்பமாயிற்று. அதற்குள் அகலப்பட்டை இணைப்பு பரவத் தொடங்கியது. பின்னர் கைப்பேசி வந்து ஒருவர்க்கு ஒன்று என்னும் பழைய கருத்தை மீண்டும் உயிர்ப்பித்தது. ஐந்து திரைப்பெயர்கள் தந்த ஏ.ஓ.எல். தன் தொலைபேசிவழி இணைப்பை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திற்று.

இணைப்புகள் போயின, கணிப்பொறிகள் போகவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்டியின் ஆவணங்களைப் பெற்றபோது காகிதங்களோடு நான்கு மெக்கின்டாஷ் கணிப்பொறிகளும் வந்தன. உயிருக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த காலத்து எழுத்துகள் அவற்றில் அடங்கியிருந்தன. 2010இல் அத்தொகுப்பு ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது. அவற்றுள் ஒரு கணிப்பொறியின் திரையை, அவர் கண்டவாறே படிப்பறையில் காணும் வகையில் காப்பகத்தார் மறுவுருவாக்கினர். அதற்குமுன் எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்று பிரித்தெடுத்த உழைப்பே பெரிது. உயிரோடிருந்த எழுத்தாளர் தம் விருப்பத்தைச் சொல்ல முடிந்தது.

தமிழ் எழுத்தாளர் பலர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் கணிப்பொறிக்கு வந்தனர். அவர்களுடைய முதற் கணிப்பொறிகள் பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றின் வட்டுகளில் வெளிவராத கவிதைகளும் இருக்கலாம். அழித்துவிட்டதாக எண்ணிய மடல்களும் இருக்கலாம். ஒன்றைத் தேடித் திறப்பவர் கண்ணில் மற்றொன்றும் படும். அவற்றைக் காக்க வேண்டும் என்பது இலக்கிய வரலாற்றின் தேவை. அவற்றுள் எதைப் படிக்காமல் விடுவது என்பது அறத்தின் தேவை. அக்காலக் கருவிகள் இதற்கு வழிகாட்டமாட்டா. நேரத்தை அளப்பதற்கென வந்த கணக்கு, மனிதர் மறைத்து வைக்க விரும்பியதைக் காக்கும் பொறுப்பை ஒருபோதும் முழுமையாக ஏற்றதில்லை. கூடத்தில் இருந்த ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்த இல்லங்களில் அப்பொறுப்பை ஏற்றவர்கள், திறந்து கிடந்த மடலைக் கண்டும் படிக்காமல் எழுந்து சென்றவர்கள்தாம். அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.